தேநீர் டம்ளரைத் தூக்க முடியாத கை

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் வீட்டுக்கென்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். துவைக்கத் துணி கிடக்கும், சந்தைக்குப் போக வேண்டியிருக்கும். அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முழங்கையின் வெளிப்பக்கம் வருகிற வலியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கட்டிங் மாஸ்டருக்கு வரும், அயர்ன் மாஸ்டருக்கு வரும், நாள் முழுக்கச் சின்னக் கத்திரியால் பிசிறு வெட்டுகிற செக்கிங் பெண்களுக்கு வரும். கம்பெனிப் பக்கமே போகாமல் வீட்டில் தேங்காய் துருவி, துணி பிழிந்து, குடம் தூக்குகிறவர்களுக்கும் வரும். கம்பெனி வேலை, வீட்டு வேலை இரண்டையும் ஒரே கையால் செய்கிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். “விழவும் இல்லைங்க, அடிபடவும் இல்லைங்க, ஆனா டீ டம்ளரைத் தூக்க முடியலைங்க” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

மருத்துவர்கள் இதை டென்னிஸ் எல்போ என்பார்கள். 1873இல் ஜெர்மனியில் ருங்கே என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது அவர் சொன்னது எழுதி எழுதிக் கை நொந்தவர்களைப் பற்றி. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தில் புல்வெளி டென்னிஸ் பரவியது, அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2004இல் சச்சின் டெண்டுல்கருக்கு இந்த வலி வந்து சில டெஸ்ட் ஆட்டங்களைத் தவறவிட்டதும், அடுத்த ஆண்டு லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதும் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்கும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்த வலியோடு இருக்கிறார்கள். 35 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில்தான் அதிகம். ஆண், பெண் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. பெரும்பாலும் அதிகம் புழங்குகிற கையில் வரும்.

வலி ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பின்னால் நான் சொல்கிற வைத்தியமெல்லாம் தானாகவே புரியும். வலது கையை உள்ளங்கை தரையைப் பார்க்க முன்னால் நீட்டுங்கள். இடது கையால் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகள் அந்த முண்டிலிருந்துதான் புறப்படுகின்றன. தசை எலும்போடு சேரும் இடத்தில் வெள்ளை நாராக இறுகிவிடும், அதைத் தசைநாண் என்கிறோம். நோயாளிகள் “நரம்பு இழுத்துக்கிச்சு” என்பார்கள். நரம்புக்கு இதில் வேலை இல்லை, கெட்டுப்போவது அந்த நார்தான்.

இப்போது இன்னொன்று செய்யுங்கள். இடது கையை வலது முன்கையின் மேல்பக்கம் வைத்துக்கொண்டு, வலது கையை இறுக்கிக் குத்தாக மூடுங்கள். விரல்களை மடக்குகிற தசை கீழ்ப்பக்கம் இருந்தாலும் மேல்பக்கத் தசையும் விறைக்கிறது, பார்த்தீர்களா? எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடிந்துவிடக் கூடாது. அதைத் தூக்கி நிறுத்துவது மேல்பக்கத் தசை. ஆகவே கத்திரியைப் பிடித்தாலும், ஸ்டீம் அயர்ன் பாக்ஸைப் பிடித்தாலும், ஈரத் துணியைப் பிழிந்தாலும், டம்ளரைத் தூக்கினாலும் அந்த முண்டில் ஓர் இழுப்பு விழுகிறது. ஒருமுறை இழுத்தால் ஒன்றும் இல்லை. ஒன்றரை ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள், ஆர்டர் அவசரத்தில் அதற்கு மேலும் இழுத்தால், நார் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை.

1979இல் அமெரிக்காவில் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரு மருத்துவர்கள் அறுவை சிகிச்சையில் எடுத்த இந்த நாரை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். வீக்கம், அழற்சி என்று நாம் நினைக்கிறோமே, அதற்குரிய அணுக்கள் அங்கே பெரிதாக இல்லை. இருந்தது வேறு. நேராக ஓட வேண்டிய பாவு நூல் தறியில் சிக்கலாகிக் கிடப்பதுபோல நாரின் இழைகள் ஒழுங்கில்லாமல் கிடந்தன. பாதியில் நின்றுபோன செப்பனிடும் வேலை அது. அந்த வேலையை மறுபடி தொடங்கி முடிக்க வைப்பதுதான் உண்மையான வைத்தியம். வீக்கத்தை அடக்குகிற மருந்து மட்டும் ஏன் போதாது என்பதும் இங்கேயே தெரிகிறது.

சரி, வந்திருப்பது இதுதானா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அந்த முண்டை விரலால் அழுத்துங்கள். முண்டின் மேலேயோ, அதற்கு ஒரு விரல்கடை கீழேயோ, விரலால் தொட்டுக் காட்டும்படி ஓர் இடம் சுள்ளென்று வலிக்க வேண்டும். அடுத்து, முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கையைக் கீழே திருப்பி, நடுவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். மற்றக் கையின் விரலால் அதைக் கீழே அழுத்துங்கள், நடுவிரல் இறங்காமல் எதிர்த்து நிற்கட்டும். அதே முண்டில் வலி வந்தால் இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது. மூன்றாவது சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். நாற்காலியின் முதுகை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து, முழங்கையை மடக்காமல் தூக்குங்கள். பிறகு உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்துத் தூக்குங்கள். முதல் விதத்தில் வலித்து, இரண்டாம் விதத்தில் வலி குறைந்தால் பெரும்பாலும் இது டென்னிஸ் எல்போதான். இந்த மூன்றாவது சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்க மட்டும் அல்ல, வேலையை மாற்றிக்கொள்ளவும் அது வழி காட்டும். பிறகு வருகிறேன்.

இந்த நோயில் முழங்கையை முழுதாக மடக்கவும் நீட்டவும் முடியும். காலையில் கொஞ்சம் விறைப்பு இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் பெரும்பாலும் இருக்காது, காய்ச்சல் இருக்காது, விரல் மரத்துப் போகாது. எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மேலே சொன்ன மூன்றும் பொருந்தி, நான் அடுத்துச் சொல்லப்போகிற எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் முதல் நாளே ஸ்கேன் எடுக்கக் கடன் வாங்காதீர்கள்.

எச்சரிக்கைகளைக் கவனமாகக் கேளுங்கள். கீழே விழுந்து, அல்லது அடிபட்டு, முழங்கையை முழுதாக நீட்டவே முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம், அன்றே எக்ஸ்ரே வேண்டும். முழங்கை சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனால் முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது. கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து பெருவிரல் வரை மின்சாரம்போல் ஓடினால் கோளாறு கழுத்தில் இருக்கிறது, முழங்கையைத் தேய்த்துப் பயன் இல்லை. வலி முழங்கையின் உள்பக்க முண்டில் இருந்தால் அது கோல்ஃப் எல்போ என்கிற தம்பி நோய். இன்று சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும், ஆனால் பயிற்சியில் உள்ளங்கையை மேலே திருப்பிக்கொள்ள வேண்டும். நெஞ்சில் பாரத்தோடு, வேர்வையோடு, மூச்சுத்திணறலோடு கையில் வலி இறங்கினால் இந்தப் பேச்சையெல்லாம் மறந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

இப்போது, வலி வந்ததும் நம் ஊரில் என்ன செய்கிறோம் என்று பார்ப்போம். முதலில் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்கிறோம். லேசாகத் தடவிக் கொடுத்தால் இதமாக இருக்கும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் முண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி நசுக்குவது சிதைந்த நாரை இன்னும் சிதைக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: கீழே விழுந்து அடிபட்ட முழங்கையை ஒருபோதும் உருவக் கூடாது. உடம்பின் மற்ற மூட்டுகளைப்போல் அல்ல முழங்கை. எலும்பு முறிந்த, அல்லது நழுவிய முழங்கையை அழுத்தி உருவினால், சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கிவிடும். பிறகு கையை மடக்கிச் சோறு வாய்க்குக் கொண்டுபோகக்கூட முடியாமல் மூட்டு இறுகும். நம் நாட்டு எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவரும் விஷயம் இது. மூங்கில் பட்டை வைத்து வாரக்கணக்கில் இறுகக் கட்டிவிடுவதும் அப்படித்தான், முழங்கை சீக்கிரம் விறைத்துப் போகிற மூட்டு.

அடுத்தது ஊசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும். “ஒரே ஊசிங்க, அடுத்த வாரமே வேலைக்குப் போயிட்டேன்” என்று பக்கத்து லைன்காரர் சொல்லியிருப்பார். அவர் சொல்வது பொய் இல்லை. ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்கு அற்புதமாக வேலை செய்யும். அடுத்த ஆண்டு அவர் எப்படி இருக்கிறார் என்றுதான் யாரும் கேட்பதில்லை. நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு இயன்முறை சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு ஆலோசனை மட்டும் சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள். ஆறு வாரத்தில் தேறியவர்கள் ஊசிப் பிரிவில் நூற்றுக்கு 92 பேர், இயன்முறையில் 47, காத்திருந்தவர்களில் 32. இதோடு கணக்கை முடித்திருந்தால் ஊசிதான் வென்றது. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஊசிப் பிரிவில் 69, இயன்முறையில் 91, வெறுமனே காத்திருந்தவர்களில் 83. ஒன்றும் செய்யாதவர்கள்கூட ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், ஊசியால் தேறியவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வலி திரும்பி வந்தது.

ஏன் அப்படி? வலி போனதும் கை தேறிவிட்டதாக நினைத்து முழு வேகத்தில் வேலைக்குப் போகிறோம். உள்ளே நார் அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டு நாரைப் பலவீனமாக்கவும் கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கமே வராத அளவுக்கு வலி உள்ள சிலருக்கு மருத்துவர் யோசித்து ஓர் ஊசி போடலாம். ஆனால் மாதத்துக்கு ஒன்று, தீபாவளி ஆர்டருக்கு ஒன்று என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடுகிற பிளேட்லெட் ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு, அதனால் குறிப்பிடத்தக்க பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. நகையை அடகு வைத்து அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஊசியின் எதிர்முனை முழு ஓய்வு. கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தால் வலி குறையும். தசையும் கரையும். வேலை இல்லாத நார் உறுதியாகாது. மறுபடி கத்திரியைப் பிடித்த அன்றே வலி வந்து நிற்கும். நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: இந்த நார் தேற அதற்கு வேலை வேண்டும், ஆனால் அளந்து கொடுத்த வேலை வேண்டும். கம்பெனியில் கொடுக்கிற வேலை அளவில்லாதது, படுக்கையில் கொடுக்கிற ஓய்வு அளவுக்கு மீறியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது.

முதல் ஒன்றிரண்டு வாரம், வலியை அதிகமாக்குகிற வேலைகளை மட்டும் குறையுங்கள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம், நேரே தோலில் வைக்கக் கூடாது. பழைய வலிக்கு வெந்நீர் ஒத்தடம்தான் இதமாக இருக்கிறது என்றால் அதையே கொடுங்கள், நாரைக் குணமாக்குவது இரண்டுமே இல்லை. டைக்ளோஃபெனாக் ஜெல் பூசலாம். அதே மருந்தை மாத்திரையாக மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு அது கெடுதல் செய்யும். தாங்க முடியாத நாளில் பாரசிட்டமால் போதும்.

எல்போ பெல்ட் வாங்குகிறவர்கள் அதை மூட்டின் மேலேயே மாட்டிக்கொள்கிறார்கள். முண்டுக்கு இரண்டு விரல்கடை கீழே, முன்கைத் தசையின் மேல் மாட்ட வேண்டும். இழுப்பு முண்டுவரை போகாமல் பாதியில் தாங்கிக்கொள்ளத்தான் அது. வேலை நேரத்தில் போட்டுக்கொண்டு தூங்கும்போது கழற்றிவிடுங்கள். விரல் மரத்தால் தளர்த்துங்கள். சிலருக்கு நல்ல பலன் தரும், சிலருக்குத் தராது.

பயிற்சிக்கு வருகிறேன். முதலில் அசையாத பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து முன்கையை மேசையில் வையுங்கள். உள்ளங்கை கீழே, கை லேசாக மூடியிருக்கட்டும். மற்றக் கையை அதன் புறங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கிற கை மேலே எழ முயல வேண்டும், மேலே இருக்கிற கை விடக் கூடாது. எதுவும் அசையாது, தசை மட்டும் விறைக்கும். முழுப் பலமும் வேண்டாம், பாதிப் பலம் போதும். 30 முதல் 45 வினாடி பிடித்து, ஒரு நிமிடம் விட்டு, நான்கைந்து முறை செய்யுங்கள். இதைச் செய்ததும் பலருக்கு வலி கொஞ்சம் இறங்கும். டீ இடைவேளையில்கூடச் செய்யலாம்.

ஒரு வாரம், பத்து நாளில் இது பழகியதும் அடுத்தது. ஒரு மஞ்சப்பையில் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம் போடுங்கள். முன்கை மேசையில், மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. பையின் காதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காது மெலிதாக இருந்தால் ஒரு துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள், தடித்த பிடிக்கு இறுக்கம் குறைவாகப் போதும். இப்போது நல்ல கையால் வலிக்கிற கையை மேலே தூக்கிவிடுங்கள். பிறகு நல்ல கையை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணி, வலிக்கிற கையை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். தூக்குவது நல்ல கையின் வேலை, இறக்குவது மட்டும் நோயுற்ற கையின் வேலை. பத்து முதல் பதினைந்து முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி, மறுபடி. மொத்தம் மூன்று சுற்று, நாளுக்கு ஒருமுறை. நார் நீண்டபடியே பாரத்தைத் தாங்கும்போது அதன் இழைகள் இழுபடும் திசையில் ஒழுங்காகப் பின்னிக்கொள்ளத் தூண்டப்படுகின்றன. அரைக் கிலோ எளிதாகிவிட்டால் முக்கால் கிலோ, பிறகு ஒரு கிலோ. எடையைக் கூட்டுவதை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். சில வாரம் கழித்து, நல்ல கையின் துணை இல்லாமல் தூக்கவும் இறக்கவும் தொடங்குங்கள்.

“வலிக்கும்போது பண்ணலாமுங்களா?” என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. வலியே இல்லாததைப் பூஜ்யம் என்றும், தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். செய்யும்போது நான்கு வரை வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வலி பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இறங்கவில்லை என்றால் நேற்றுக் கொடுத்த பாரம் அதிகம். எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம். நார் மெல்லத்தான் தேறும். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியும், உறுதியாக மூன்று மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எதுவும் செய்யாவிட்டால்கூடப் பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் இது அடங்கிவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்து போகாமல் இருப்பதற்காக. ஆனால் கைவேலை செய்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றரை ஆண்டு நீண்ட காலம்.

இவற்றோடு சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தண்டால்போல் செய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோளும் தோள்பட்டையும் பலவீனமாக இருந்தால் முன்கை அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது. புகை பிடிக்கிறவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் நார் தேறத் தாமதமாகும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான் வேண்டியிருக்கும், அதுவும் ஆறு மாதம், ஓராண்டு மற்ற வழிகளை முயன்ற பிறகு.

நாற்காலியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? உள்ளங்கை மேலே பார்த்தால் பாரம் உள்பக்கத் தசைக்கும் மேற்கைக்கும் போய்விடுகிறது, நொந்த நாருக்கு ஓய்வு கிடைக்கிறது. பீஸ் கட்டைத் தூக்கும்போது மேலிருந்து கொத்தாகப் பிடிக்காமல், அடியில் இரு கைகளையும் கொடுத்து, முழங்கையை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தண்ணீர்க் குடம் நிறைந்தால் ஏறத்தாழ 15 கிலோ. அதை நீட்டிய கையால் கழுத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், பாதிக் குடமாக இரண்டு நடை போங்கள், அல்லது வீட்டில் உள்ள ஆண்கள் தூக்கட்டும். ஈரத் துணியைப் பிழியாமல் கொடியில் சொட்டச் சொட்டப் போடுங்கள், நம் ஊர் வெயிலுக்குக் காய்ந்துவிடும். கனமான துணி என்றால் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் உடம்புப் பலத்தால் முறுக்குங்கள். தேங்காயைத் துருவாமல் கீறி எடுத்து மிக்ஸியில் போடுங்கள்.

கம்பெனியில் கத்திரி மொட்டையாக இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் பிடி வேண்டும். கத்திரியைச் சாணை பிடிக்கச் சொல்வது உங்கள் உரிமை, அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மேசை உயரமாக இருந்தால் கை நீண்டு, மணிக்கட்டு வளைந்துதான் வேலை செய்யும். காலுக்கடியில் ஒரு பலகை போட்டால் முழங்கை மடங்கி உடம்போடு நிற்கும். அயர்ன் மாஸ்டர்கள் பெட்டியை இறுக்கிப் பிடித்து அழுத்துவதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். நீராவியும் சூடும்தான் சுருக்கத்தை எடுக்கின்றன, கைப்பிடியைத் தளர்த்தி, தோளிலிருந்து தள்ளிப் பாருங்கள். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யாமல் செக்கிங்கும் பேக்கிங்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லி சூப்பர்வைசர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அரங்கில் சில முதலாளிகளும் இருக்கிறீர்கள். பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையால் வரும் இந்த முழங்கை நோயை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் தொழிலாளி வேலைக்குச் சோம்பி முழங்கையைக் காட்டவில்லை.

ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். மருத்துவர் சான்று கொடுத்து விடுப்பு எடுத்தால், சம்பளத்தில் 70 சதவீதம் நோய்ப்பணமாகக் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது “கை வலி” என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்தக் கை, என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வாரமாக வலி, எதைத் தூக்கினால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். அது சீட்டில் எழுதப்படட்டும். இயன்முறைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

விடுப்பு முடிந்து திரும்பும்போது முதல் நாளே ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். முதல் வாரம் இலகுவான வேலை, நடுவில் கொஞ்சம் கொஞ்சம் இடைவேளை. மறுநாள் காலை வலிக் கணக்கைப் பார்த்து அடுத்த வாரம் முழு ஷிப்ட். ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை மஞ்சப்பைப் பயிற்சி நிற்கக் கூடாது.

பின்னால் மேசைகள் போட்டு, பைகளும் அரைக் கிலோப் பொட்டலங்களும் வைத்திருக்கிறோம். வலி இருக்கிறவர்கள் முதலில் வாருங்கள், நாற்காலிச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, கையை எப்படி இறக்குவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டுகிறேன்.